கோர்லையில் ஒரு பகல், காஷீதில் ஓர் இரவு

மும்பையில் வாழும் நம்மவர்க்குப் பிரயாணம் என்றால் ஊர்ப் பிரயாணம்தான். கோடை விடுமுறையில் ரயிலேறிப் போய், உறவினர் வீடுதோறும் பலகாரம் உண்டு, குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, ஊறுகாய் ஜாடிகளுடன் திரும்பினால் அந்த ஆண்டின் யாத்திரை நிறைவேறிவிட்டதாகக் கொள்வோம். நாம் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருக்கும் இந்தக் கொங்கணக் கரையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? என் தந்தையார் 1963-ல் சுருக்கெழுத்துச் சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாகத் தாதரில் வந்து இறங்கியவர். மும்பைத் துறைமுகத்துக்குத் தெற்கே, நீருக்கு அப்பால் கூப்பிடு தொலைவில் உள்ளது போலத் தோன்றும் அலிபாகுக்கு அவர் இத்தனை ஆண்டுகளில் ஒரே முறைதான் போயிருக்கிறார். அதுவும் ஒரு மேலதிகாரியின் விடுமுறை வீட்டில் கடிதங்களைத் தட்டெழுதிக் கொடுப்பதற்காக!

சென்ற கார்த்திகைத் திங்களில், கடலோரச் சாலையிலே மோட்டாரில் போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்கி வரலாம் என்னும் யோசனையை என் மகள் சொன்னாள். அவளுக்கு வயது பதினைந்து. எண்பத்திரண்டு வயதான தாத்தாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவர், "நானும் வருகிறேன். இனி இந்தப் பக்கம் வரப் போகிறேனா? பார்த்துவிட்டே போகிறேன்" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் தாயார் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குப் பின் அப்பாவுக்கு இந்த நகரத்தில் மனம் ஒட்டவில்லை. தாமிரபரணிக் கரையில் உள்ள பூர்வீக வீட்டில் என் சிற்றப்பா இருக்கிறார். பொங்கல் கழிந்ததும் ஜனவரி 20-ந் தேதி அங்கேயே போய்த் தங்கிவிடுவதென்று முடிவு செய்து, என்னிடம் சீட்டும் எடுக்கச் சொல்லிவிட்டார். சீட்டை எடுத்த நாள் முதல் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நாலரை மணிக்குப் புறப்பட்டோம். அன்று சங்கடஹர சதுர்த்தி. அப்பா உபவாசம். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது, சிவ்டியிலிருந்து கடலின்மேல் ஓடுகிறது; அதன் மொத்த நீளம் 21.8 கிலோமீட்டர். இருளில் கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. விளக்குக் கம்பங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பிறகு பேண். மும்பையின் பிள்ளையார் உருவங்களிற் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. வட்கலுக்குப் பின் சாலையின் தன்மையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அப்பா, "இதைவிட மாட்டு வண்டி மேல்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு சீக்கிரம் கிளம்பியதற்குக் காரணம் கடல் வற்றம். அலிபாக் கரைக்கு எதிரே நீரின் நடுவில் நிற்கும் கொலாபாக் கோட்டைக்கு, நீர் வற்றியிருக்கும்போது நடந்தே போய்விடலாம். பெருக்கு வந்துவிட்டால் படகுதான். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாளாகையால் காலையில் வற்றம் கிடைத்தது. நாங்கள் ஈர மணலில் கால் புதைய நடந்தோம். அப்பா ஒரு குதிரை வண்டியில் அரசரைப் போல் முன்னே சென்றார். 1680-ல் சிவாஜி கட்டத் தொடங்கிச் சம்பாஜி முடித்த கோட்டை அது. பின்னர்க் கானோஜி ஆங்கிரேயின் கப்பற்படைக்கு இருப்பிடமாகி, ஆங்கிலேயரையும் போர்த்துகீசியரையும் ஒருங்கே அலைக்கழித்தது. உள்ளே 1759-ல் ராகோஜி ஆங்கிரே எழுப்பிய கணபதி கோயில் இருக்கிறது. சுற்றிலும் உப்பு நீராயிருக்க, கோட்டைக்குள் ஒரு நன்னீர்க் கிணறு! சதுர்த்தியன்று கடலுக்குள் பிள்ளையார் தரிசனம் கிடைத்ததில் அப்பாவுக்குப் பரம திருப்தி. என் மகனுக்கோ பீரங்கிகளில்தான் கண். அவனுக்குப் பதினொரு வயது.

அலிபாகில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. பூமியின் காந்தத்தை அளக்கும் நிலையம் முதலில் மும்பைக் கொலாபாவில் இருந்தது. டிராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டப் போகிறார்கள், அதனால் காந்த ஊசிகள் கலங்கும் என்று கண்டு, 1904-ல் அதை இங்கே மாற்றினார்கள். டிராம் 1964-ல் மறைந்தது. நிலையம் இன்னும் அலிபாகிலேயே இருக்கிறது. பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்கள், பெயர்ந்த காரணம் போன பின்னும் வந்த இடத்திலேயே தங்கிவிடுவது மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்.

மனிதரும் இந்தக் கரையில் அப்படித் தங்கியிருக்கிறார்கள். அலிபாகுக்கு வடக்கே நவகாவ் அருகில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை சேர்ந்தார்கள் என்பது பெனே இஸ்ரேல் யூதர்களின் பரம்பரைக் கதை. எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த அவர்கள் சனிக்கிழமைகளில் செக்கு ஓட்டுவதில்லை. ஆகவே ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். நாளைக் காத்தார்கள், மொழியைக் காக்கவில்லை. மராத்தியே அவர்களுக்கு வீட்டு மொழியாயிற்று. 1948-க்குப் பின் அவர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினர். அங்கே போய் எந்த மொழியில் பத்திரிகை நடத்தினார்கள் தெரியுமா? மராத்தியில்! அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மாய்போலி'; தாய்மொழி என்று பொருள். ஒரு மொழியை விட்டு வந்த ஏக்கம், விட்டுப் போன இடத்து மொழிமேல் விழுந்துவிட்டது.

சௌல், ரேவ்தண்டா வழியாகத் தெற்கே சென்றோம். இருபுறமும் தென்னையும் கமுகும் நெருங்கிய தோட்டங்கள். பாக்குக் குலைகளைக் கண்டதும் அப்பா ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ருஷ்யப் பிரயாணி நிகிதின் 1469-ல் இந்தச் சௌல் துறையில்தான் இறங்கினார். இப்போது அங்கே துறைமுகத்தின் அடையாளமே இல்லை. ரேவ்தண்டாவில் போர்த்துகீசியர் கட்டிய மதிலின் இடிந்த பகுதிகள் தோப்புகளுக்கிடையே நிற்கின்றன; மதிலுக்குள்ளேயே வீடு கட்டி, துணி உலர்த்தி, மக்கள் சௌக்கியமாக வாழ்கிறார்கள். குண்டலிகா நதியின் கழிமுகத்துப் பாலத்தைக் கடந்தால் கோர்லை. எங்கள் நாளின் முக்கியமான பகுதி இங்கேதான் நிகழ்ந்தது.

கோர்லை ஒரு மீனவர் ஊர். ஊருக்கு மேலே கடலுக்குள் நீண்டு செல்லும் ஒரு குன்று. அதன் முதுகில் ஒரு கோட்டை. 1594-ல் அகமதுநகர் சுல்தானின் படையிடமிருந்து போர்த்துகீசியர் அதைக் கைப்பற்றினர். 1740-ல் சௌலையும் இந்தக் கோட்டையையும் மராத்தியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மனைவியும் பிள்ளைகளும் கலங்கரை விளக்கத்தின் பின்புறமாக மேலே ஏறினார்கள். அப்பாவுக்குத் துணையாக நான் கீழேயே இருந்தேன். பாதையின் ஓரத்தில் ஒரு மூதாட்டி கோகம் சர்பத்தும் எலுமிச்சைச் சாறும் விற்றுக்கொண்டிருந்தார். உபவாசத்துக்குச் சர்பத் தோஷமில்லை என்று அப்பா ஒரு கோப்பை வாங்கிக் கொண்டார்.

அந்த அம்மாள் அருகில் விளையாடிக்கொண்டிருந்த பேரனை அதட்டினார். அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அறுபது ஆண்டுகளாக இந்த மாநிலத்தின் பேச்சைக் கேட்டுப் பழகிய காது அது. "இது மராத்தி இல்லையே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மராத்தியிலேயே, "மாவ்ஷி, பையனிடம் என்ன மொழியில் பேசினீர்கள்? கொங்கணியா?" என்று கேட்டார்.

"நோ லிங்" என்றார் அந்த அம்மாள். 'நம் மொழி' என்று பொருள்.

மற்றவர்கள் கிறிஸ்தி என்று அழைக்கும் இந்த மொழி போர்த்துகீசியமும் மராத்தியும் கலந்து பிறந்தது. கோட்டைச் சிப்பாய்களும் இவ்வூர்ப் பெண்களும் மணந்து வாழ்ந்த காலத்தில் உருவாயிற்று. கிளான்சி கிளெமெண்ட்ஸ் என்னும் மொழியியல் அறிஞர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1996-ல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். பேசுவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். உலகத்தில் வேறெங்கும் இல்லை. கொடி இறங்கி, கப்பல்கள் போய், 280 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அரசு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, அச்சிட்ட பாடநூல் இல்லை. ஆயினும் மொழி நின்றது. எப்படி நின்றது? மதத்தால் சுற்றுப்புறத்தாரினின்று தனித்திருந்தார்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். மாதா கோயிலைச் சுற்றியே வாழ்ந்தார்கள். கழிமுகம் வேறு ஊரைப் பிரித்து வைத்திருந்தது. பாலம் 1980-களில் வந்தது. பள்ளியும் கடைத்தெருவும் வேலையும் மராத்தியில் நடக்கின்றன. தனிமை காத்ததைப் பாலம் கரைக்கிறது என்று சிலர் வருந்தலாம். அந்தப் பாலத்தின் மேல்தான் பிள்ளைகள் கல்லூரிக்கும் நோயாளிகள் மருத்துவமனைக்கும் போகிறார்கள். பாலம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நாமே பாலத்தைத் தாண்டி வந்தவர்களன்றோ?

நான் இப்படி எண்ணிக்கொண்டிருக்க, அப்பா பேச்சை விடவில்லை. "பேரன் இந்த மொழியில் பேசுகிறானா?" என்று கேட்டார்.

அம்மாள் சிரித்தார். "புரியும். பதில் மராத்தியில் வரும். அவன் தாயோடு மராத்தி, பள்ளியில் மராத்தி. என்னிடம் மட்டும் நடக்காது. சோறு வேண்டுமென்றால் என் மொழியில் கேட்க வேண்டும். மராத்தியில் கேட்டால் எனக்குக் காது கேட்காது."

"எப்போதாவது பட்டினி போட்டதுண்டா?"

"எதற்குப் போட வேண்டும்? பசி வந்தால் மொழி தானாக வருகிறது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். என் தாயார் போன பின் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு தம் பங்குக்கு அந்த அம்மாளுக்கு ஒரு செய்தி சொன்னார்: எங்கள் மொழியிலும் உங்கள் பழைய துரைமார் விட்டுப்போன சொற்கள் இருக்கின்றன, எங்கள் வீட்டு ஜன்னலும், மேசையும், அலமாரியும், அதன் சாவியும் போர்த்துகீசியச் சொற்களே என்றார். "சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்களா?" என்று அம்மாள் கேட்டார். மராத்தியிலும் சாவி சாவிதானே! சர்பத்துக்குக் காசு வாங்க மறுத்தவரிடம் வற்புறுத்திக் கொடுத்தோம்.

மாலை நாலு மணிக்குக் காஷீத் போய்ச் சேர்ந்தோம். வெண்மணற் கரை, அதையொட்டிச் சவுக்குத் தோப்பு. தோப்பில் கூடாரம் வாடகைக்கு விடுபவர் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். இரண்டு கூடாரங்கள். அவற்றுள் குனிந்து தவழ்ந்துதான் புக வேண்டும். அப்பா ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது ஆகாது" என்று சொல்லிவிட்டார். தோப்புக்காரர் தம் வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். காஷீதின் அலை அழகுதான். ஆனால் இழுப்பு வலியது. கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்க வேண்டாம் என்று தோப்புக்காரர் எச்சரித்தார், பிள்ளைகளும் கேட்டார்கள்.

சூரியன் விழுந்ததும் இருள் விரைவாக வந்தது. சந்திரோதயம் வரையில் அப்பாவுக்கு உணவில்லை. அவர் உண்ணாமல் நாங்கள் உண்பதும் முறையன்று. பிள்ளைகள் பசியை மறக்க வானத்தைப் பார்த்தார்கள். மும்பையில் வானம் என்று ஒன்று இருப்பதே நமக்கு நினைவில்லை. அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு காட்டினார்: உச்சியை நோக்கி ஏறும் கார்த்திகை, அதன் கீழே ரோகிணி, கிழக்கே மலைக்கு மேல் செந்நிறமான திருவாதிரை. அப்பாவின் நட்சத்திரம் அதுவே. என் மகள் கைபேசியில் அதன் ஆங்கிலப் பெயரைத் தேடி எடுத்தாள். "அது இருக்கட்டும். பாட்டியின் நட்சத்திரம் எது?" என்று கேட்டாள். "ரோகிணி" என்றார் அப்பா. பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. சவுக்கு மரங்கள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன.

அந்த அமைதியில்தான் என் மகன் கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டான்.

"அம்மா, தாத்தா ஊருக்குப் போயிட்டா, அப்புறம் நாம வீட்டுல தமிழ் பேச வேண்டாம்தானே?"

என் மனைவி பதில் சொல்லவில்லை. அவன் கேட்டதில் தவறு என்ன? நானும் என் மனைவியும் இந்த நகரத்தில் பிறந்தவர்கள். அலுவலகப் பேச்சு எங்களோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சண்டையிடுகிறார்கள். என் தாயார் இருந்தவரையில் சமையலறைக்குள் தமிழன்றி வேறொன்றும் செல்லாது. இப்போது அப்பாவின் அறை ஒன்றுதான் மிச்சம். நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் அவன் எழுத்துக் கற்றிருக்கிறான். நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறான். வகுப்பைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கற்பது எழுத்து. அதட்டும் கொஞ்சலும் கதையும் பேரமும் வீட்டிலே யாரோ ஒருவரிடம்தான் நடக்க வேண்டும்.

இருளில் அப்பாவின் முகம் தெரியவில்லை. வெகு நேரம் கழித்து அவர் பேசினார். பேரனிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

"1960-களின் கடைசியில் இந்த ஊரில் தென்னிந்தியருக்கு எதிராக ஒரு கிளர்ச்சி நடந்தது. அப்போது நானும் என் சிநேகிதரும் மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வருவோம். ஒரு வார்த்தை பேசமாட்டோம். பேசினால் தமிழர் என்று தெரிந்துவிடும். மாதுங்காவில் இறங்கி நடைமேடையில் கால் வைத்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பிப்போம். யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. வீட்டு வாசல் வரை அப்படித்தான்."

"பயமா இருந்ததா தாத்தா?"

"பயம் இருந்தது. அதைவிட, சொல்ல வேண்டியது நிறைய இருந்தது."

இந்தச் செய்தியை அவர் எனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. அவன் மேலும் மேலும் கேட்டான்: அந்தச் சிநேகிதர் எங்கே, அடித்தார்களா, ஏன் ஊருக்குத் திரும்பவில்லை. எல்லாம் தமிழில், சொல் அகப்படாத இடத்தில் இந்தி. இந்தி வரும்போதெல்லாம் அப்பா, "என்ன? கேட்கவில்லையே" என்றார். மூன்றாவது முறை என் மகளுக்கு விளங்கிவிட்டது. "தாத்தா, அந்தச் சர்பத் பாட்டி சொன்னதை அப்பா எங்களுக்கும் சொல்லிட்டாங்க. நடிக்காதீங்க" என்று சிரித்தாள்.

ஒன்பது மணி அளவில் கிழக்கு மலைக்குப் பின்னால் வெளிச்சம் பரவி, சற்றே தேய்ந்த சந்திரன் மேலே வந்தது. தோப்புக்காரரின் மனைவி ஒரு தட்டில் மோதகம் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டிலும் சதுர்த்தி விரதம். அரிசி மாவும் தேங்காயும் வெல்லமும்தான். நம் பூரணக் கொழுக்கட்டைக்கும் அதற்கும் மடிப்பின் அழகில்தான் வேறுபாடு, அந்த அழகில் அவர்களே கெட்டிக்காரர்கள். என் மனைவி கட்டிவந்த புளியோதரையை அவர்களுக்குக் கொடுத்தோம். காரம் தாங்காமல் அந்த அம்மாள் கண் கலங்கிச் சிரித்தார்.

கூடாரத்தில் தூக்கம் என்பது பெயருக்குத்தான். முதுகுக்குக் கீழே ஒரு சவுக்கு வேர் இரவு முழுவதும் என்னோடு வாதிட்டது. விடியும் தறுவாயில் எழுந்து வெளியே வந்தபோது அப்பாவின் கட்டில் காலியாயிருந்தது. அவர் நீரோரத்தில் பேரனுடன் நடந்துகொண்டிருந்தார். அவன் ஒவ்வொரு கிளிஞ்சலாக எடுத்து நீட்ட, அவர் பெயர் சொன்னார். பாதிக்குமேல் அவருக்கே பெயர் தெரிந்திராது. ஆற்றங்கரைக்காரருக்குக் கடற்சிப்பியின் பெயர் எங்கே தெரியும்? தெரியாதவற்றுக்கு அவ்விடத்திலேயே பெயர் வைத்துக்கொண்டிருந்தார் என்று ஐயுறுகிறேன்.

கூடாரத்தைச் சுருட்டிக் கட்டும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். "ஜனவரிச் சீட்டை வைகாசிக்கு மாற்ற முடியுமா, பார்" என்றார்.

ரயில்வேயில் அப்படி மாற்ற வழியில்லை. ரத்துச் செய்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அறுபது நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். வைகாசிக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று விளக்கினேன்.

"அப்படியானால் இப்போது ரத்து மட்டும் செய்" என்றார்.

கைபேசியில் அங்கேயே செய்து முடித்தேன். பிடித்தம் போக மீதம் வந்து சேரும் என்று செய்தி வந்தது. எவ்வளவு பிடித்தார்கள் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, தொகையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

பிறகு முருட் சாலையில் தெற்கே போனோம். ராஜபுரித் துறையில் பாய்மரப் படகேறி ஜஞ்சீராக் கோட்டைக்குப் போனதையும், மராத்தியராலும் பிறராலும் பிடிக்க முடியாத அந்தத் தீவுக் கோட்டையை ஆப்பிரிக்க வமிசத்தவரான சித்திகள் 1948 வரை ஆண்ட வரலாற்றையும் எழுத இம்முறை இடமில்லை. மற்றோர் இதழில் எழுதுகிறேன்.